கிணறுகளைப் பொட்டலம் கட்டிய காலம்

முப்பத்தொரு வயதில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, மணப்பாறை முறுக்கு ஒரு பை நிறையக் கொடுத்துப் பணி நிறைவு விழா நடத்தினார்கள். நான் தப்பு எதுவும் செய்துவிடவில்லை. நான் பார்த்த வேலைக்கு என்னைவிடச் சீக்கிரம் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது கிணற்றுக்குள் கருவி தொங்குகிறது. அது தானே அளக்கிறது, தானே அனுப்புகிறது, அனுப்பியது சரிதானா என்று தானே சந்தேகமும் பட்டுக்கொள்கிறது. சந்தேகப்படுகிற பிரிவில்தான் நான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ரிட்டயர் ஆனதில்லை. துறையூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். நிலம் யாருக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்புவதில்லை. அதனால் அப்பா தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"என்னடா, இந்த வயசுலயே முடிச்சிட்டே?" என்றார். "சரி, பரவால்ல. சீக்கிரம் படிச்சா சீக்கிரம் முடியும் போல."

இப்போது ஒரு பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் என் கல்லூரி ஜூனியர்களுக்கு நான் 'ரிட்டயர்டு அண்ணன்'தான். துறை மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்களில் ஒருவனுக்கு என்னைவிட அதிகமாக முடி கொட்டியிருந்தது. "ஜிப் பண்ணியே பொய்யைக் கண்டுபிடிப்பீங்களாமே, அது எப்படிண்ணே?" என்று கேட்டான். எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதையும், எப்படிக் கண்டுபிடிக்காமல் போவோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தில்லைநகரில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். மாவட்டத்தில் நிலத்தடி நீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது திட்டம். அந்தந்த ஊர்க்காரர்களையே களப்பணிக்கு எடுத்திருந்தார்கள். ஆளுக்குச் சில கிணறுகள். தினமும் ஒரே நேரத்தில் போய், நுனியில் ஒரு முள் உள்ள டேப்பைக் கிணற்றில் இறக்குவார்கள். முள் தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று கத்தும். அந்த அளவைப் போனில் ஏற்றிவிட வேண்டும். அந்த எண்கள் கிணற்றடியில் அளந்தவையா, வீட்டில் ஃபேனுக்கு அடியில் பிறந்தவையா என்று பார்ப்பது என் வேலை.

இண்டர்வியூவில் எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் நிஜமாகவே நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று எழுத வேண்டும். மறு பாதிப் பேர் சுண்டாமல் மனதிலிருந்தே எழுத வேண்டும். எது நிஜம், எது கற்பனை என்று அறைக்கு வெளியே இருக்கும் அதிகாரி வந்து சொல்வார். நான் கற்பனைக் கூட்டத்தில் இருந்தேன். எனக்குக் கை வரவில்லை. நடக்காததை நடந்ததாக எப்படி எழுதுவது? பஸ்ஸில் வாங்கிய சில்லறை சட்டைப்பையில் இருந்தது. மேசைக்கு அடியில் வைத்துச் சுண்டிச் சுண்டி எழுதிவிட்டேன்.

வந்தவர் வைதேகி மேடம். கணிதம் படித்தவர், நாற்பதை ஒட்டிய வயது, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வருகிறவர். ஒவ்வொரு தாளையும் ஒரே பார்வையில் "கற்பனை", "நிஜம்" என்று பிரித்துப் போட்டார். மனதிலிருந்து எழுதுகிறவன் தொடர்ந்து நிறையப் பூ போடப் பயப்படுவான். நாணயத்துக்கு அந்தப் பயம் கிடையாது. என் தாளை "நிஜம்" பக்கம் போட்டவர், யார் எந்தக் கூட்டம் என்ற பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முருகேசன், உங்களைக் கற்பனை பண்ணத்தானே சொல்லியிருந்தது?"

"பொய் எழுத வேண்டாம்னு மேசைக்கு அடியில சுண்டிட்டேன் மேடம்."

"மேசைக்கு அடியில சுண்டினது?"

"அது பொய் இல்லீங்களே மேடம். திருட்டுத்தனம்."

மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பயிற்சிக் காலத்தில் கற்றதை எல்லாம் ஒரு வாழைத் தோப்பு உவமைக்குள் அடக்கிவிடலாம். ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோப்பைப் பற்றி ஒருவருக்குப் போனில் சொல்ல வேண்டுமானால், "இத்தனை அடிக்கு ஒன்று, வரிசையாக" என்றால் போதும். அவர் அங்கே போகாமலே படம் வரைந்துவிடுவார். அதே இடத்தில் கருவேலங்காடு இருந்தால்? இங்கே ஒன்று, அதற்கு வடக்கே கொஞ்சம் தள்ளி ஒன்று என்று ஒவ்வொரு மரமாகச் சொல்லித் தீர வேண்டும். எதைச் சுருக்கிச் சொல்ல முடியுமோ அது ஒழுங்கு. எதை அப்படியே முழுக்கச் சொன்னால்தான் உண்டோ அது தாறுமாறு. மேடம் இதையே ஸ்ரீரங்கத்து வீதிகளை வைத்துச் சொல்வார். "எங்க ஊருக்கு வழி சொல்றது சுலபம். கோயிலைச் சுத்தி ஒரு சதுரம், அதைச் சுத்தி இன்னொரு சதுரம். உங்க பெரிய கடைவீதிச் சந்துக்கு வழி சொல்லணும்னா ஒரு ஆளைக் கூடவே அனுப்பணும்."

ஒரு எண் வரிசையைச் சொல்லி முடிக்கத் தேவைப்படும் மிகக் குட்டையான குறிப்பின் நீளம் எவ்வளவோ, அதுவே அதன் சிக்கலின் அளவு. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கோப்பைக் கணினியில் ஜிப் செய்து, அதாவது திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி எழுதும் மென்பொருளில் கொடுத்து, எவ்வளவு சிறுக்கிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அலுவலகத்தில் இதற்குப் பெயர் 'பொட்டலம் கட்டுவது'. வீட்டில் உட்கார்ந்து எண் எழுதுகிறவனுக்குப் பிடித்த எண்கள் திரும்பத் திரும்ப வரும். பொட்டலம் சிறுத்துவிடும். பொட்டலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சந்தேகம். சந்தேகம் வந்தால் நேரடி விசாரணை. விசாரணையில் தேறாவிட்டால் வேலை நீக்கம். இதுதான் நடைமுறை.

முதல் வாரத்திலேயே மேடம் ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். "சுருங்கினா, சுருங்கும்னு தெரியும். சுருங்கலைன்னா, எனக்குச் சுருக்கத் தெரியலைன்னுதான் அர்த்தம். இதுக்கு மேல சுருங்கவே சுருங்காதுன்னு எந்தப் பெரிய கம்ப்யூட்டராலயும் பொதுவா அறுதியிட்டுச் சொல்ல முடியாது." நாங்கள் எல்லோரும் பவ்யமாகத் தலையாட்டினோம். பிறகு எல்லோருமே மறந்துபோனோம். சொன்னவரும்தான்.

அவர் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைக்கு மேல் சொன்னால் அவருக்கே பிடிக்காது. எதைச் சொன்னாலும் ஒரு தடவைதான் சொல்வார். "புரியலை மேடம்" என்றால், "சொன்னது அங்கேயேதான் இருக்கு, எடுத்துக்கோங்க" என்பார். காலையில் எல்லோரும் குட்மார்னிங் சொன்னால் முதல் ஆளுக்கு மட்டும் பதில் வரும், மற்றவர்கள் அதிலேயே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லீவு கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். "காய்ச்சல்ல எனக்குத் தெரியாத சேதி ஒண்ணும் இல்லையே?" ஒருமுறை நான், "அப்பா பக்கத்து ஊருக்கு விற்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் தொழுவத்துக்கே வந்துவிட்டது. வாங்கியவர் வந்து மாட்டோடு பேசிப் பார்க்கிறார், அது அவரை அடையாளம் தெரியாத மாதிரி நிற்கிறது. நான் போனால்தான் தீரும்" என்று எழுதினேன். இரண்டு தடவை படித்தார். "இதைச் சுருக்க முடியலை. போயிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த அலுவலகத்தில் கடினமான வழக்கு என்றால் தனலட்சுமி அக்கா வழக்குதான்.

தனம் அக்கா ஜீயபுரத்துக் களப்பணியாளர். டிவிஎஸ் வண்டியில் டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு காவிரிக் கரையோரக் கிணறுகளைச் சுற்றுகிறவர். ஊரில் அவருக்கு அந்த வேலையால் ஒரு பெயர் வந்திருந்தது. முன்பு 'இன்னார் சம்சாரம்' என்றவர்கள் இப்போது 'கிணறு அளக்குற தனம்' என்றார்கள். அந்தப் பட்டத்தை அக்கா மெடல் மாதிரி வைத்திருந்தார்.

அவருடைய கோப்பைப் பொட்டலம் கட்டினால் மிட்டாய் அளவுக்குச் சிறுத்தது. மேடம் திரையைப் பார்த்தார்.

"ஒரு வாரம் மேல நிக்குது. அடுத்த வாரம் கீழ நிக்குது. அதுக்கடுத்த வாரம் மறுபடி மேல. இது கிணறா, லிஃப்ட்டா?"

பக்கத்தில் பிரபாகரின் கோப்பைத் திறந்து வைத்தார். பிரபாகர் அதே ஜீயபுரம் வட்டாரத்தில் வேறு சில கிணறுகளை அளக்கிறவன், டிப்ளமோ படித்தவன், எங்கள் மாடல் ஊழியன். அவன் கோப்பு பொட்டலத்துக்குள் அடங்காமல் திமிறிக்கொண்டு நின்றது. "நிஜக் கிணறுன்னா இப்படி இருக்கணும்" என்றார் மேடம்.

நேரடி விசாரணைக்கு நானும் அவரும் போனோம். நல்ல வெயில். ஜீயபுரம் கடைத்தெருவில் ஜூஸ் கேட்டேன். "கரண்டு இல்ல தம்பி, காலைலேர்ந்தே. மிக்சி ஓடாது. கடலை மிட்டாய் தரவா?" என்றார் கடைக்காரர். தாகத்துக்குக் கடலை மிட்டாய் தின்ற எரிச்சலில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

நடைமுறைப்படி ஒவ்வொரு கிணற்றுச் சொந்தக்காரரிடமும் கேட்க வேண்டும். கேட்டோம். "இந்தம்மா தினமும் வர்றாங்களா? நிஜமாவே அளக்குறாங்களா?" தனம் அக்கா பக்கத்திலேயே நிற்கிறார். உச்சி வேளையில் தோட்டத்தில் யார் இருப்பார்கள்? "வண்டி நிக்கும்ங்க... பார்த்த மாதிரிதான் இருக்கு" என்று ஒருவர். "வரும், போகும், நாம என்னத்தக் கண்டோம்?" என்று இன்னொருவர். ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் முகம் ஒரு படி இறங்கியது.

கடைசியாக எங்கள் முன்னாலேயே டேப்பை இறக்கச் சொன்னார் மேடம். அவருடைய கோப்புப்படி அது கீழே நிற்க வேண்டிய வாரம். பீப் சத்தம் உடனே கேட்டது. தண்ணீர் மேலே நின்றது.

"பார்த்தீங்களா முருகேசன்? நாம வந்து நிஜமா அளந்தா கணக்கு மாறுது."

"மேடம், எனக்கே புரியல" என்றார் அக்கா. "நேத்துகூடக் கீழதான் இருந்துச்சு."

"உங்க கணக்கு ரொம்பச் சுருங்குதும்மா. நிஜம் இவ்வளவு சுருங்காது."

"சுருங்குதா? அதென்ன மேடம், நனைச்ச சேலையா?" அக்காவின் வாய் நிற்கவில்லை. "நான் கிணத்துக்கிட்டப் போய்க் கெஞ்சவா முடியும், கொஞ்சம் தாறுமாறா ஏறி இறங்குடியம்மான்னு? அது காட்டுறதத்தான் எழுதுறேன். வேலைய எடுத்துக்கிட்டாக்கூடப் போகுது. இத்தன பேருகிட்டக் கேட்டுட்டீங்களே, நாளைக்கு நான் கடைத்தெருவுக்குப் போனா என்னன்னு கூப்பிடுவாங்க?"

மேடம் என் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமைக்குள் நீக்கக் குறிப்பு எழுதும்படி என்னிடம் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை. திரையில் 'நீக்கக் குறிப்பு' என்ற தலைப்பு மட்டும் நிற்கிறது, கீழே ஒரு வரி வரவில்லை. அப்போது அப்பா போன் செய்தார். அப்பாவின் போன் பேச்சைவிடப் பொட்டலத்துக்குத் தோதானது உலகத்திலேயே கிடையாது. சாப்பிட்டியா, மழை உண்டா, கரண்டு வந்துடுச்சு, வைக்கிறேன். இதற்கு வெளியே ஒரு சொல் வராது. அன்றும் "சாப்பிட்டியா?" என்றார். பதில் சொல்வதற்குள், "கரண்டு வந்துடுச்சுடா, மோட்டாரப் போடணும், வைக்கிறேன்" என்றார்.

"இருங்கப்பா. போன வாரம் சாயங்காலந்தானே இப்படி ஓடுனீங்க?"

"போன வாரம் மதிய முறைடா. இந்த வாரம் காலை முறை. வாரம் மாறுனா முறை மாறாதா? பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?"

அப்பா வைத்தபின்னும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

தோட்டத்து மோட்டார்களுக்கு அப்போது த்ரீ ஃபேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். ஒரு வாரம் காலையில், மறு வாரம் மதியத்துக்கு மேல். தனம் அக்கா தினமும் உச்சி வேளையில், சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி அளக்கிறார். காலை முறை வாரத்தில் அதற்குள் ஊர் மோட்டாரெல்லாம் ஓடித் தண்ணீர் கீழே போயிருக்கும். மதிய முறை வாரத்தில் மோட்டார் இன்னும் ஓடியிருக்காது, தண்ணீர் மேலே நிற்கும். ஆற்றங்கரை மணல், இறைத்தால் இறங்கும், விட்டால் பழையபடி ஊறிவிடும். மோட்டாரைப் போட ஓடுகிற அப்பாவை வாரம் தவறாமல் போனில் கேட்டுக்கொண்டே, கிணற்றை லிஃப்ட் என்று சொன்னவர்களோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சரி, நாங்கள் போன அன்று? கடலை மிட்டாய் ஞாபகம் வந்தது. மிக்சி ஓடாத ஊரில் மோட்டார் எப்படி ஓடும்? ஜீயபுரம் மின்வாரியத்துக்குப் போன் போட்டேன். அன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து மின்தடை. முறை வாரங்களையும் பராமரிப்பு நாட்களையும் கேட்டு வாங்கி, அக்காவின் கோப்போடு ஒட்டிப் பார்த்தேன். முந்தைய மாதங்களில் ஒழுங்கு தப்பிய நாட்கள் ஒவ்வொன்றும் பராமரிப்பு நாளாகவே இருந்தது. கோப்பு முழுவதையும் ஒரே வரியில் எழுதிவிட முடிந்தது: காலை முறையில் தாழ்வு, மதிய முறையில் உயர்வு, கரண்டு இல்லாத நாளிலும் உயர்வு. ஜிப் கட்டிய பொட்டலத்தைவிடச் சின்னப் பொட்டலம். சுருங்கச் சுருங்கக் குற்றம் என்பது எங்கள் விதி. இங்கே இன்னும் கொஞ்சம் சுருக்கியதும் குற்றமே காணாமல் போய்விட்டது.

நீக்கக் குறிப்புக்குப் பதிலாக அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்தேன். வரியை விரலால் தொட்டுப் படித்தார். "பெருமாளே" என்றார். பிறகு நான் யோசிக்காத ஒன்றைக் கேட்டார்.

"பிரபாகர் கிணறெல்லாம் எந்த லைன்?"

"அதே லைன்தான் மேடம்."

"அப்போ அவன் கிணத்துக்கு மட்டும் எப்படிக் கரண்டு முறையே தெரியலை?"

பிரபாகர் சிரித்த முகத்தோடுதான் வந்தான். கேட்டதும் மறைக்கவும் இல்லை. இதிலிருந்து இதுவரை என்று வரம்பு சொன்னால், அதற்குள் தாறுமாறாக ஒரு எண் தருகிற பொத்தான் போனில் இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்தே அதை அமுக்கி அனுப்பியிருக்கிறான். "ரேண்டமா இருந்தாத்தானே மேடம் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டான். மேடத்துக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பொத்தானுக்குள் இருப்பது ஒரு குட்டி சூத்திரம். அதிலிருந்து வருகிற எண்கள்தான் காடு மாதிரித் தெரியும், சூத்திரம் நாலு வரிக்குள் முடிந்துவிடும். எங்களிடமிருந்த கோப்புகளிலேயே மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியது அவனுடையதுதான். அதைச் சுருக்க ஜிப்புக்குத் தெரியவில்லை. நாங்கள் அதையே சான்றிதழாக எடுத்துக்கொண்டோம். பிரபாகர் அந்த வாரமே விலகிப் போனான். இப்போது எங்கோ நன்றாக இருப்பதாகக் கேள்வி.

மறுநாள் மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு ஜீயபுரம் போனார். தனம் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

"உங்க கணக்கு சரிம்மா. தப்பு எங்க பேர்ல. வேலை உங்களுடையதுதான்" என்றார் மேடம்.

"சரிங்க மேடம். எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட?"

"யார்கிட்ட?"

"ஒவ்வொரு கிணத்தடியிலயும் நின்னு கேட்டீங்கல்ல, இந்தம்மா நிஜமாவே அளக்குதான்னு. இப்பவே என்னைப் 'பொய் அளவை தனம்'ங்கிறாங்க. கேட்ட எடத்துல எல்லாம் சொல்லுங்க. அப்பத்தான் நான் நாளைக்கு டேப்பத் தொடுவேன்."

"ஊர்ல ஒருத்தர்கிட்டச் சொன்னா எல்லாருக்கும் போயிடும்மா" என்றார் மேடம். அது அவருடைய விஞ்ஞானம்.

"கெட்டதுதான் மேடம் அப்படிப் போகும். நல்லதுக்கு நம்ம காலாலதான் நடக்கணும்."

வெயிலில், வரப்பில், வழுக்குகிற வாய்க்கால் ஓரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடம் நடந்தார். முதல் கிணற்றுக்காரரிடம், "தனலட்சுமி அளந்தது சரி. தப்பா நினைச்சது நான்" என்றார். "நாங்க ஒண்ணும் நினைக்கலையேம்மா" என்றார் அவர். "நினைச்சீங்க, டீக்கடையில பேசவும் செஞ்சீங்க" என்று அக்கா பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த கிணற்றில் அதே வாக்கியம். அதற்கடுத்ததில் காது மந்தமான பெரியவர். "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு மேடத்தைப் பலமுறை சொல்ல வைத்தார். ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "மறுபடி சொல்லுங்க, சம்சாரமும் வந்துடட்டும்" என்றார். எதையும் இரண்டாம் தடவை சொல்லாத மனுஷி, ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒரு கிணற்றையும் விடாமல் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் பேசியதைப் பொட்டலம் கட்டியிருந்தால் ஒரு வரிதான் தேறியிருக்கும். ஆனால் எந்தக் கிணற்றடியில் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசிக் கிணற்றில் ஆள் இல்லை. சொந்தக்காரர் திருச்சிக்குப் போயிருந்தார். மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா கிணற்றைப் பார்த்தார். மேடம் பெருமூச்சு விட்டு, கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, உள்ளே நின்ற தண்ணீரிடம் சொன்னார்.

"தனலட்சுமி அளந்தது சரி. தப்பா நினைச்சது நான்."

கிணறு அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோளிலிருந்த டேப்பை எடுத்து முள்ளைத் துடைத்து மெதுவாக உள்ளே இறக்கினார்.

"போதும் மேடம்" என்றார். "இனிமே சுருக்கிக்குங்க."